பேச்சுச் சிக்கல் உள்ள குழந்தைக்கு டாக்டர் தேடும்போது தவிர்க்க வேண்டியவை

ஸ்பீச் தெரபிக்குக் காத்திருக்கும் பெற்றோரிடம் பேச்சுக் கொடுத்தால் கதை பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கிறது. சந்தேகம் சீக்கிரமே வந்திருக்கும். டாக்டரிடமும் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் மாதங்கள் கையைவிட்டுப் போயிருக்கும். நாங்களும் அந்த வழியாக வந்தவர்கள்தான். கிளினிக் தூரம், கூட்டம் போன்றவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தவறு என்றே தெரியாமல் செய்பவற்றை மட்டும் எழுதுகிறேன்.

தேதி இல்லாத "பொறுத்துப் பார்க்கலாம்"

"பையன்தானே, லேட்டாத்தான் பேசுவான். மூணு வயசு வரைக்கும் பொறுங்க." இதைக் கேட்டு நிம்மதியாக வீடு திரும்பும் பெற்றோரைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது, கோபமும் வருகிறது.

பொறுப்பதே தவறு என்று சொல்லவில்லை. தாமதமாகப் பேசத் தொடங்கி, தானாகவே மற்ற பிள்ளைகளை எட்டிப் பிடிக்கும் குழந்தைகள் நிறைய உண்டு. ஆனால் எந்தக் குழந்தை அப்படி எட்டிப் பிடிக்கும் என்று இரண்டு வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே பொறுக்கச் சொல்கிற டாக்டர், திரும்ப எப்போது வர வேண்டும், அதற்குள் என்ன மாற்றம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் யாரிடம் அனுப்புவார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் அவர் உங்கள் குழந்தைக்கான டாக்டர் இல்லை.

எங்கள் டாக்டர் நல்ல மனிதர். காய்ச்சல் என்றால் இரவிலும் போன் எடுப்பார். அதனாலேயே அவரிடம் மறுத்துக் கேட்க வாய் வரவில்லை. எங்கள் மகன் ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொன்னான். நேற்று வந்த சொல் இன்று வராது, அதற்காக வாய் தவித்துத் தேடும். பின்னால் அதற்கு அப்ராக்ஸியா என்று பெயர் சொன்னார்கள். பேச்சுக்கான அசைவுகளை மூளை திட்டமிடுவதில் வரும் சிக்கல் அது. காத்திருந்தால் தானாகச் சரியாகாது, அடிக்கடி, திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி வேண்டும். அந்தக் கிளினிக்கில் எடை பார்த்தார்கள், உயரம் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள். அவனை ஒரு சொல் பேச வைத்துக் காது கொடுத்துக் கேட்டவர் யாரும் இல்லை.

பொறுக்கிற காலத்திலும் தள்ளிப் போடக் கூடாதது செவித்திறன் சோதனை. "கூப்பிட்டா திரும்புறான், காது நல்லாத்தான் கேக்குது" என்று கைதட்டிப் பார்த்து முடிவு கட்டுவதை ஏற்காதீர்கள். நடுக்காதில் நீர் கோத்த குழந்தையும் கைதட்டலுக்குத் திரும்பும். உயர் சுருதி ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தை கதவுச் சத்தத்துக்கு ஓடி வரும், ஆனால் 'ஸ்' போன்ற மெல்லிய ஒலி அதை எட்டாது. பிறந்தவுடன் செய்த சோதனையில் தேறியிருந்தாலும் போதாது. சில குறைபாடுகள் பிறகுதான் வரும். செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் முறைப்படி பார்த்துத் தரும் அறிக்கை வேண்டும்.

"சரியா பேச மாட்டேங்கிறான்" என்று மட்டும் சொல்வது

அதற்குப் பதிலாக எண்ணிக் கொண்டு போங்கள். இரண்டு வயதில் சுமார் 50 சொற்களும், இரண்டு சொல் சேர்ந்த பேச்சும் பெரும்பாலான குழந்தைகளிடம் இருக்கும். வெளியாட்களுக்கு எவ்வளவு புரிகிறது என்பதும் முக்கியம். பொதுவாக இரண்டு வயதில் பாதி, மூன்றில் முக்கால், நான்கில் ஏறக்குறைய எல்லாமே புரிய வேண்டும். அம்மாவுக்குப் புரிவது இந்தக் கணக்கில் சேராது. பலரும் டாக்டர் அறையில் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தை சொல்வதற்கெல்லாம் பொருள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், டாக்டருக்குச் சிக்கலே தெரியாமல் போகிறது. வீட்டில் எடுத்த சின்னச் சின்ன வீடியோக்களைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள்.

இருந்த பேச்சு குறைந்தால் காத்திருப்பது

எந்த வயதிலும் கூடாது. உடனே காட்டுங்கள்.

ஒரு மொழியை விட்டுவிடச் சொன்னால் தலையாட்டுவது

விடாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வராது.

நாக்கடிச் சவ்வை வெட்ட அவசரப்படுவது

நாக்கின் அடிப்பக்கத்தை வாயின் தரையோடு இணைக்கும் சவ்வு அது. சொற்களே வராததற்கு அது காரணம் இல்லை. ஸ்பீச் தெரபிஸ்ட் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள்.

பழைய டாக்டர் வருத்தப்படுவாரே என்று தயங்குவது

காய்ச்சலுக்கும் தடுப்பூசிக்கும் அவரிடமே போகலாம். இதற்கு மட்டும் வேறொருவரைப் பாருங்கள். யாரைப் பார்ப்பது என்று ஸ்பீச் தெரபிஸ்டுகளிடம் கேளுங்கள். எந்த டாக்டர் நேரத்தோடு அனுப்புகிறார், எவர் அறிக்கையைப் படிக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

முதல் முறை போகும்போது டாக்டர் குழந்தையோடு எப்படிப் பழகுகிறார் என்று கவனியுங்கள். கேள்வியைக் குழந்தையிடமே கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறாரா? சைகை காட்டினால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்கிறாரா? பேசாத குழந்தைக்கு எதுவும் புரியாது என்று நினைத்து அதன் எதிரிலேயே குறையை அடுக்குகிறவரிடம் மறுபடி போக வேண்டாம். நாங்கள் கடைசியில் கண்டடைந்தவர், மகன் ஒரு சொல்லுக்குத் திணறியபோது அதை முடித்துக் கொடுக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தபடி அமைதியாக இருந்தார். பிறகு தெரபிஸ்டின் அறிக்கையை வாங்கிக் கடைசி வரி வரை படித்தார்.

டாக்டரை மாற்றும்போது தடுப்பூசி அட்டை, செவித்திறன் அறிக்கை, தெரபிஸ்டின் மதிப்பீடு எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். தேதி வாரியாக ஒரே ஃபைலில் அடுக்கிக் கொண்டு போனால், புதியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்காது.