நம் ஊர்க் காட்டின் பழைய பதிவேடுகளைத் தேடுவது எப்படி? முத்துப்பேட்டை, கோடியக்கரை வழியாக ஒரு செய்முறை விளக்கம்

என் தாத்தா முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை ஒருநாளும் வனத்துறைக் காடு என்று சொன்னதில்லை. அவருக்கு அது "சத்திரத்துக் காடு". சிறுவனாக இருந்தபோது, காட்டுக்குள் ஏதோ ஒரு பழைய சத்திரம் இடிந்து கிடக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னது ஒரு நிர்வாக உண்மை என்பது, அந்தக் காட்டின் பதிவேடுகளைத் தேடத் தொடங்கி ஏறத்தாழ ஒரு வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அந்த ஒரு வருடத்தை நீங்கள் செலவழிக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

காவிரி டெல்டாவில் ஒரு காட்டைப் பற்றியோ சரணாலயத்தைப் பற்றியோ அரசு ஆவணம் தேடும் எவருக்கும் இந்த முறை உதவும். கணினி, இணையத் தேடல் போன்றவற்றை நான் விளக்கப்போவதில்லை. அவை உங்களுக்கே தெரியும்.

படி 1: அந்த ஆண்டில் காடு யார் கையில் இருந்தது?

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். காடு என்றால் வனத்துறை என்று எண்ணி, ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். "கோரப்படும் காலத்துக்கான கோப்பு இவ்வலுவலகத்தில் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. யாரோ மறைக்கிறார்கள் என்று கோபம் வந்தது. பிறகுதான் தெரிந்தது, அந்தக் கோப்பு அங்கே இருந்திருக்கவே முடியாது.

சென்னை மாகாண வனத்துறை 1856-இல் தொடங்கியது. ஹியூ கிளெக்ஹார்ன் அதன் முதல் காப்பாளர். ஆனால் துறை தொடங்கிய அன்றே எல்லாக் காடுகளும் அதன் கைக்குப் போய்விடவில்லை. முத்துப்பேட்டைக் காட்டில் வெட்டி விற்ற பொருள்களின் வருமானத்தில், 1853 முதல் 1912 வரை பாதியை அரசு வைத்துக்கொண்டது. மறுபாதி சத்திரம் நிர்வாகத்துக்குப் போனது. 1923 முதல் 1936 வரை காடே சத்திரம் நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தது. 1937 பிப்ரவரிக்குப் பிறகுதான் வனத்துறை அதைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிப்போக்கர்களுக்குச் சோறு போட நிறுவிய சத்திரங்களின் செலவுக்கு இந்த அலையாத்தி விறகும் காசு கொடுத்திருக்கிறது. 1915-இல் பிறந்த என் தாத்தாவின் இளமைக்காலம் முழுக்க அது சத்திரத்துக் காடுதான். அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

ஆகவே ஒரு தாளை எடுத்து இடப்பக்கம் ஆண்டுகளையும் வலப்பக்கம் பொறுப்பிலிருந்த அலுவலகத்தையும் எழுதுங்கள். 1937-க்கு முந்தைய முத்துப்பேட்டை என்றால் வருவாய்த்துறை, சத்திரம் கணக்குகள். அதற்குப் பிறகு வனத்துறை. 1855-க்கு முன்னால், அதாவது மராட்டிய அரச மரபு இருந்த காலத்துக்குப் போக விரும்பினால், மோடி எழுத்து, அதாவது மராத்தி மொழியின் பழைய கையெழுத்து வடிவம், படிக்கத் தெரிந்த ஒருவர் உங்களுக்கு வேண்டும். தஞ்சை சரசுவதி மகாலிலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் மோடி ஆவணங்கள் இருக்கின்றன.

இந்தத் தாள் தயாராகும் வரை எந்த அலுவலகத்தின் படியும் ஏறாதீர்கள்.

படி 2: பழைய பெயர்களைச் சேகரியுங்கள்

"முத்துப்பேட்டை அலையாத்திக் காடு" என்று தேடினால் பழைய ஆவணத்தில் எதுவும் கிடைக்காது. பதிவேடுகளில் அது தனித்தனிக் காப்புக்காடுகளாக இருக்கிறது: பழஞ்சூர், தாமரங்கோட்டை, மரவக்காடு, வடகாடு, துறைக்காடு, முத்துப்பேட்டை. ஆறு பெயர்களிலும் தனித்தனியே தேட வேண்டும்.

மாவட்டப் பெயர்களும் மாறியிருக்கின்றன. நாகப்பட்டினம் மாவட்டம் 1991-இலும், திருவாரூர் 1997-இலும், மயிலாடுதுறை 2020-இலும்தான் பிறந்தன. 1991-க்கு முந்தைய கோப்பு எதுவானாலும் "தஞ்சாவூர் மாவட்டம்" என்ற தலைப்பில்தான் இருக்கும். ஆங்கில ஆவணங்களில் ஊர்ப்பெயர்களின் உச்சரிப்பே வேறு: தஞ்சாவூர் "டாஞ்சூர்" ஆகவும், நாகப்பட்டினம் "நெகபட்டம்" ஆகவும், கோடியக்கரை "பாயிண்ட் கலிமேர்" ஆகவும் வரும். ஒவ்வொரு பெயருக்கும் நான்கைந்து எழுத்துக்கூட்டல்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பழைய பதிவேட்டில் "வன உயிரினம்" என்ற தலைப்பைத் தேடாதீர்கள். அன்றைய வனத்துறைக்குக் காடு என்றால் மரம், விறகு, மேய்ச்சல், சிறு வனப்பொருள், வேட்டை. கோடியக்கரையின் வெளிமான், வேட்டை விதிகளுக்குள்ளும் மேய்ச்சல் கட்டணத்துக்குள்ளும் ஒளிந்திருக்கும். பறவைகளையும் விலங்குகளையும் காக்க 1912-இலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் பெயரிலும் தேடிப் பாருங்கள்.

படி 3: பசலியில் தடுக்கி விழாதீர்கள்

என்னை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த படி இதுதான். பொறுமையாகப் படியுங்கள்.

வருவாய்க் கணக்குகளில் ஆங்கில ஆண்டு இருக்காது, பசலி என்ற வருவாய்த்துறை ஆண்டுக்கணக்கு இருக்கும். பசலியுடன் 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும் என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். நானும் அப்படியே செய்தேன். காடு கைமாறியது பசலி 1346 என்று ஒரு குறிப்பில் கிடைத்தது. 1346-உடன் 590 கூட்டினால் 1936. எனவே 1936-ஆம் ஆண்டின் புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழ்த் தொகுதிகளை ஜனவரி முதல் டிசம்பர் வரை பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒன்றும் இல்லை. பசலி தவறாக எழுதப்பட்டிருக்கிறது என்று முடிவுகட்டி அந்தக் குறிப்பையே ஒதுக்கிவிட்டேன்.

பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி அடுத்த ஜூன் 30-இல் முடிகிறது. பசலி 1346 என்றால் 1936 ஜூலை முதல் 1937 ஜூன் வரை. 1937 பிப்ரவரியும் அதற்குள் அடக்கம். நான் தேடிய அறிவிப்பு, நான் திறக்காமல் விட்ட அடுத்த ஆண்டுத் தொகுதியில் இருந்தது.

எனவே கூட்டிப் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு பசலிக்கும் இரண்டு ஆங்கில ஆண்டுகளை எழுதுங்கள்: முதல் ஆண்டின் பின்பாதி, இரண்டாம் ஆண்டின் முன்பாதி. இரண்டையும் தேடுங்கள்.

படி 4: அரசிதழும் கெசட்டியரும் ஒன்றல்ல

ஆங்கிலத்தில் "கெசட்", "கெசட்டியர்" என்று பெயர் ஒரேபோல ஒலிப்பதால் பலர் குழம்புகிறார்கள். அரசிதழ் என்பது அரசு வாரந்தோறும் வெளியிடும் அறிவிப்புத் தாள். கெசட்டியர் என்பது ஒரு மாவட்டத்தைப் பற்றிய விவர நூல். தஞ்சாவூர் மாவட்டக் கெசட்டியர் 1906-இல் வந்தது. நிலம், ஆறு, பயிர், சத்திரம் பற்றிய பின்னணி தெரிந்துகொள்ள அது நல்லது. ஆனால் சட்டப்படி ஒரு காட்டின் எல்லை எது என்று நிறுவ அரசிதழ்தான் வேண்டும்.

அரசிதழ் அறிவிப்பைக் கண்டதும் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள். 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தில் பிரிவு 4 என்றால், இந்த நிலத்தைக் காப்புக்காடு ஆக்கப்போகிறோம் என்ற எண்ணத்தை மட்டும் அறிவிக்கிறார்கள். பிரிவு 16 என்றால்தான் காப்புக்காடு ஆகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் வன நிர்ணய அலுவலரின் விசாரணை நடக்கும். உள்ளூர் மொழியில் ஊர் ஊராக அறிவிப்பு ஒட்டி, வழி, தண்ணீர், மேய்ச்சல் போன்ற உரிமைகளைக் கோர மக்களுக்கு அவகாசம் தருவார்கள். என்னைக் கேட்டால், மொத்தத் தேடலிலும் மதிப்பு மிக்கது இந்த விசாரணைக் கோப்புதான். அரசிதழில் எல்லைக் கற்களும் சர்வே எண்களும்தான் இருக்கும். எந்த ஊரார் எந்தப் பாதையில் மாடு ஓட்டிப் போனார்கள், எந்த ஓடையில் படகு விட்டார்கள் என்பதெல்லாம் நிர்ணயக் கோப்பில் இருக்கும். நம் முன்னோர் அரசாங்கத்திடம் பேசிய சொற்கள் அங்கேதான் எழுத்தில் கிடக்கின்றன.

சரணாலயங்களுக்கு வேறு கணக்கு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 18-இன் பொருளே 1991 திருத்தத்தில் மாறிவிட்டது. அதற்கு முன் பிரிவு 18 அறிவிப்பு என்றால் சரணாலயம் பிறந்துவிட்டது. அதற்குப் பின் பிரிவு 18 வெறும் எண்ண அறிவிப்பு. பிரிவு 26அ-வின் கீழ் வருவதே இறுதி அறிவிப்பு. ஆண்டைப் பார்க்காமல் பிரிவை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டுரை எழுதாதீர்கள். கோடியக்கரை 1967-இலேயே சரணாலயம் ஆனது. அதாவது இந்தச் சட்டத்துக்கே முந்தையது.

எல்லையைக் குறிக்கும்போது கவனம் தேவைப்படும் இன்னோர் இடம் ராம்சார், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல். கோடியக்கரை 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு 38,500 ஹெக்டேர். சரணாலயம் அதில் ஒரு பகுதி மட்டுமே. இரண்டையும் ஒன்றாக்கி எழுதிய குறிப்புகள் ஏராளமாக உலவுகின்றன.

படி 5: அரசாணை எண் தனியாக நின்றால் பயனில்லை

அரசாணைக்கு எண், ஆண்டு, துறை மூன்றும் வேண்டும். ஒவ்வொரு துறையும் ஒவ்வோர் ஆண்டும் எண்ணை ஒன்றிலிருந்து தொடங்கும். காடு பற்றிய ஆணைகள் ஒரு காலத்தில் வருவாய்த்துறையிலும், பிறகு வளர்ச்சித் துறையிலும், பின்னர் வனம் மற்றும் மீன்வளத் துறையிலும், அதற்குப் பின் சுற்றுச்சூழல் மற்றும் வனத்துறையிலும் பிறந்தன. இன்று அதன் பெயரில் காலநிலை மாற்றமும் சேர்ந்திருக்கிறது. "நிலை" என்று அடைப்புக்குள் இருந்தால் நிலைத்த ஆணை, "வாலாயம்" என்றால் அன்றாட நிர்வாக ஆணை. நமக்கு வேண்டியவை பெரும்பாலும் "நிலை" வரிசையில் இருக்கும்.

படி 6: தகவல் உரிமை விண்ணப்பம்

பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. "ஏன்" என்று தொடங்கும் கேள்வி வேண்டாம், ஆவணத்தைக் கேளுங்கள். நான் பயன்படுத்தும் வாசகம் இது:

"துறைக்காடு காப்புக்காடு தொடர்பாக வெளியிடப்பட்ட அரசிதழ் அறிவிப்பு, எல்லை விவரம், வரைபடம், வன நிர்ணய அலுவலரின் விசாரணைக் கோப்பு ஆகியவற்றின் நகல்களை வழங்கவும். இவ்வாவணங்கள் வேறு அலுவலகத்தில் இருப்பின், தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(3)-இன்படி இவ்விண்ணப்பத்தை அங்கு மாற்றி அனுப்பவும். ஆவணங்களை நேரில் பார்வையிடவும் அனுமதி கோருகிறேன்."

இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். என் முதல் விண்ணப்பத்தில் அது இல்லை; அதனால்தான் ஒற்றை வரிப் பதிலோடு முடிந்துபோனது. நேரில் பார்வையிடக் கேட்பதும் முக்கியம். நகல் கேட்டால் நீங்கள் கேட்ட தாள் மட்டும் வரும். பார்வையிட்டால் அதற்கு முன்னும் பின்னும் தைத்திருக்கும் தாள்களும் கண்ணில் படும்.

படி 7: எழும்பூர்

தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எழும்பூரில் இருக்கிறது. அனுமதி முறையை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். பேனாவை விட்டுவிட்டுப் பென்சில் எடுத்துச் செல்லுங்கள். துறை, ஆண்டு, எண் மூன்றும் கையில் இல்லாமல் போனால் நாள் வீணாகும்.

குறிப்பெடுக்க நான் இன்றும் கோடு போட்ட நீளக் குறிப்பேட்டைத்தான் நம்புகிறேன். கைப்பேசிச் செயலிகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் கையால் எழுதும்போதுதான் ஒரு பெயர் இரண்டாம் முறை வருவதை மனம் கவனிக்கிறது. படமெடுக்க அனுமதி கிடைத்தால் முதலில் கோப்பின் மேலட்டையை எடுங்கள், பிறகு உள்பக்கங்களை. மேலட்டை இல்லாத நூறு படங்கள் பிற்பாடு எந்தக் கோப்பிலிருந்து வந்தவை என்றே தெரியாது. எக்செல் அட்டவணையில் ஐந்தே பத்திகள் போதும்: ஆண்டு, பசலி, அலுவலகம், கோப்பு எண், ஒரு வரிச் சுருக்கம்.

பின்சேர்க்கை: வடுவூர், உதயமார்த்தாண்டபுரம்

மன்னார்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் இந்த முறைப்படி வடுவூர் ஏரியைப் பற்றிக் கேட்டும் பழைய ஆவணம் கிடைக்கவில்லை என்று எழுதினார். காரணம் முதல் படியிலேயே இருக்கிறது. வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் காடுகள் அல்ல, பாசன ஏரிகள். பறவைகள் சரணாலயமான பிறகும் ஏரி ஏரிதான். கரை, மதகு, தண்ணீர் பற்றிய பழைய கோப்புகளைப் பொதுப்பணித்துறையின் பாசனப் பிரிவில், அதாவது இன்றைய நீர்வளத்துறையில் கேட்க வேண்டும். நிலத்தின் வகையை வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில், அதாவது கிராம நிலப் பதிவேட்டில், பார்க்க வேண்டும். இந்த ஏரிகளுக்கு மேட்டூர்த் தண்ணீர் வருகிறது. எனவே பறவைகள் எந்த ஆண்டு ஏன் குறைந்தன என்று அறிய, மேட்டூர் அணை திறந்த தேதிகளையும் பறவைக் கணக்கெடுப்போடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் அப்படியே மீண்டும் விண்ணப்பித்தார். இந்த முறை பதில் வந்தது.

இன்னொரு பின்சேர்க்கை

சத்திரம் கணக்கில் "வேலி", "மா", "குழி" என்று இருப்பதை ஏக்கராக மாற்றுவது எப்படி என்று இருவர் கேட்டிருந்தார்கள். நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. தஞ்சைப் பகுதி வேலி ஏறத்தாழ ஆறரை ஏக்கர் சொச்சம். ஆனால் மாற்றிய கணக்கை மட்டும் எழுதி மூலத்தை விட்டுவிடாதீர்கள். மூலத்தில் உள்ள அளவை அப்படியே ஒரு பத்தியிலும், ஏக்கரை அடுத்த பத்தியிலும் எழுதுங்கள். என் அட்டவணையில் இதற்காக ஆறாவது, ஏழாவது பத்திகளைச் சேர்த்துவிட்டேன்.