பனி இல்லாத சேலத்தில் ஸ்கீ பயிற்சி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

என் அக்கா மகன் எட்டாவது படிக்கிறான். ஒருநாள் டிவியில் பயத்லான் போட்டியைப் பார்த்துவிட்டு வந்து நின்றான். முதுகில் துப்பாக்கியையும் காலில் ஸ்கீ என்னும் நீளப் பலகைகளையும் மாட்டிக்கொண்டு பனியில் சறுக்கி வருகிறார்கள், மூச்சு வாங்க வாங்கக் குப்புறப் படுத்துச் சுடுகிறார்கள், மறுபடி எழுந்து ஓடுகிறார்கள். “மாமா, இதை நம்ம ஊர்ல பண்ண முடியுமா?” அடுப்படியில் இருந்து என் அம்மா பதில் சொன்னார்: “ஏற்காட்டுலதான் பனி கொட்டுதே, அங்க கூட்டிட்டுப் போ.”

தமிழில் இது ஒரு தொல்லை. மார்கழிக் காலையில் ஏற்காட்டு ஏரியை மறைப்பதும் பனி, காஷ்மீரின் குல்மார்க்கில் ஆளுயரத்துக்குக் குவிவதும் பனி. ஏற்காட்டு மூடுபனியில் ஸ்கீ ஓட்ட முடியாது. ஆனால் பயிற்சி செய்யலாம். நார்வேக்காரர்களும் கோடை முழுக்க ஓட்டம், மலையேற்றம், சக்கரம் வைத்த ஸ்கீ என்றுதான் பயிற்சி செய்கிறார்கள். அவர்களுக்குச் சில மாதம் கிடைக்கும் பனியில்லாத தரை நமக்கு வருஷம் முழுக்கக் கிடைக்கிறது, அவ்வளவுதான். தெற்கில் இருந்து யாரும் போனதில்லை என்றும் நினைக்க வேண்டாம். குடகைச் சேர்ந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா கிராஸ் கன்ட்ரி ஸ்கீயில் இந்தியாவுக்காக ஓடியவர்.

ஒரு வருஷமாக அக்கா மகனையும் அவன் நண்பர்கள் மூன்று பேரையும் வைத்து நான் செய்துவருவதைத்தான் கீழே எழுதுகிறேன். 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது பொருந்தும்.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம்

படங்களில் மலை உச்சியிலிருந்து சர்ரென்று இறங்குவார்களே, அது ஆல்பைன். நாம் பேசுவது கிராஸ் கன்ட்ரி. இதில் ஷூவின் முனை மட்டும்தான் ஸ்கீயில் மாட்டியிருக்கும், குதிகால் தூக்கலாம். ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு. இதோடு துப்பாக்கி சுடுதலைச் சேர்த்தால் பயத்லான். 50 மீட்டர் தூரத்தில் ஐந்து வட்டங்கள். படுத்துச் சுடும்போது அடிக்க வேண்டிய வட்டம் 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115. பெரும்பாலான போட்டிகளில் ஒன்று தவறினால் 150 மீட்டர் தண்டனைச் சுற்று. ‘இண்டிவிஜுவல்’ போட்டியில் மட்டும் ஒரு நிமிடத்தைக் கூட்டிவிடுவார்கள்.

படி 1: மெதுவாக ஓடக் கற்றுக்கொடுங்கள்

கேட்க எளிது. எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது.

பிள்ளைகளை ஏரிக்கரையில் விட்டால் முதல் 200 மீட்டரைப் பட்டாசு மாதிரி ஓடிவிட்டு, இடுப்பில் கைவைத்து நிற்கும். இந்த விளையாட்டு முழுக்க முழுக்க நெஞ்சுத் தெம்பு. பயிற்சியில் பெரும்பகுதி, பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில்தான் இருக்க வேண்டும். இதய மானி வாட்ச் எதுவும் வேண்டாம். நான் பின்னால் சைக்கிளில் போவேன். நால்வரில் ஒருவன் அன்று பள்ளியில் நடந்ததை முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். வாக்கியம் பாதியில் அறுந்தால் எல்லோரும் நடக்க வேண்டும். முதல் வாரம் ஓடியதைவிட நடந்ததுதான் அதிகம். அக்கா மகனுக்கு அவமானமாக இருந்தது, “நடக்கறதுக்கா மாமா அஞ்சு மணிக்கு எழுப்புனீங்க?” என்றான். மூன்றாவது மாதம் 40 நிமிடம் நிற்காமல் ஓடினார்கள், வாயும் ஓயவில்லை.

வாரம் மூன்று நாள் இது. நான்காவது நாள் மலை.

படி 2: கோலோடு ஏறுங்கள்

கையில் பிடித்துத் தரையில் ஊன்றித் தள்ளும் கழியை ஸ்கீ ஆட்கள் ‘போல்’ என்பார்கள். அப்படி எழுதினால் ‘அதுபோல், இதுபோல்’ என்று படிப்பீர்கள். கோல் என்றே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு ஸ்கீயும் நேராக முன்னால் போகும் கிளாசிக் முறைக்குக் கோலின் நீளம் உயரத்தில் 83 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது போட்டி விதி. 150 செ.மீ. உயரப் பையனுக்கு 124 செ.மீ. வரும். ஸ்கீயைப் பக்கவாட்டில் உதைத்துப் போகும் ஸ்கேட்டிங் முறைக்கு ஏறக்குறைய 90 சதவீதம், அதாவது 135. காலால் மலை ஏறும் பயிற்சிக்குக் கிளாசிக் கோலைவிட ஏழெட்டு செ.மீ. குறைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மூங்கில் கழியில்தான் தொடங்கினோம். மேலே பழைய பள்ளிப் பையின் பட்டையைக் கட்டி மணிக்கட்டை நுழைக்கும்படி செய்தோம். பட்டை முக்கியம். கோலை இறுக்கிப் பிடித்தால் முன்கை பத்து நிமிடத்தில் கடுத்துவிடும், பட்டையில் எடையைப் போட்டுத் தள்ள வேண்டும்.

முதலில் நடை. வலது காலோடு இடது கோல், இடது காலோடு வலது கோல். அது பழகியதும், ஏற்றத்தில் ஒவ்வொரு அடியையும் துள்ளலாக்க வேண்டும். நார்வேயில் இதை எல்க்ஹுஃப்ஸ் என்பார்கள், எல்க் என்னும் பெரிய மானின் துள்ளு நடையை வைத்து வந்த பெயர். ஒரு நிமிடம் துள்ளி ஏறி, நடந்து இறங்கி, மூச்சு அடங்கியதும் மறுபடி. நான்கு முறையில் தொடங்கினால் போதும்.

எங்கே செய்வது? அடிவாரத்திலிருந்து ஏற்காடு போகும் 20 கொண்டை ஊசி வளைவுச் சாலையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். வேண்டாம். வளைவில் பஸ் திரும்பும்போது நீங்கள் ஒதுங்க இடமே இருக்காது. முதல் பஸ்ஸில் மேலே போய்விடுங்கள். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே போகும் எஸ்டேட் பக்கச் சாலைகள் உண்டு, அனுமதி கேட்டுக்கொண்டு போகலாம். சேர்வராயன் கோயில் மேட்டுக்கு ஏறும் வழியும் விடிகாலையில் காலியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குமேல் அந்தப் பக்கம் போகாதீர்கள், கார் கார் கார்தான். காட்டெருமை நின்றால் கோலை நீட்டிக்கொண்டு வீரம் காட்டாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

ஒரு வேடிக்கை: பெரிய போட்டிகளின் ஓடுபாதை 1,800 மீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சர்வதேச விதி. ஏற்காடு அதற்குள்தான் வருகிறது. பனியைத் தவிர எல்லாம் தயார்!

படி 3: ரோலர் ஸ்கீ

இரண்டு அடி நீளக் கட்டை, முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம். வாங்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பெரும்பாலான ரோலர் ஸ்கீயில் பிரேக் கிடையாது.

இது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் நண்பரின் மில் வளாகத்தில், பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன் பேர்வழி என்று, லேசான சரிவுதானே என்று நின்றேன். லேசான சரிவு என்று எதுவும் இல்லை என்பது ஐந்து நொடியில் புரிந்தது. கேட் வரைக்கும் போய்ப் புல்லில் விழுந்தேன். கையுறை போட்டிருந்ததால் உள்ளங்கை தப்பியது, முழங்கை தப்பவில்லை. “மாமா, இது ஆல்பைனா?” என்று கேட்டான் ஒருவன்.

ஆகவே வரிசை இதுதான். முதல் நாள் புல்தரையில் ஸ்கீயை மாட்டிக்கொண்டு நிற்பது, நடப்பது, வேண்டுமென்றே பக்கவாட்டில் விழுந்து எழுவது. இரண்டாம் நாள் தட்டையான சிமென்ட் தளத்தில், கோல் இல்லாமல், ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் உருள முடிகிறது என்று பார்ப்பது. மூன்றாம் நாள் கோல். இரண்டு கோலையும் ஒன்றாக முன்னால் ஊன்றி, வயிற்றை மடக்கி, உடம்பின் எடையை அதன்மேல் சாய்த்துத் தள்ளுவதுதான் டபுள் போலிங். பிள்ளைகள் கையால் இழுக்கப் பார்ப்பார்கள். உலக்கை போட்டு இடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்களே, உலக்கையோடு உடம்பும் சேர்ந்து இறங்கும். அப்படித்தான்.

ஹெல்மெட், கையுறை, முழங்கால் பட்டை, கண்ணாடி இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். பொதுச் சாலை வேண்டவே வேண்டாம், மதில் உள்ள வளாகம் போதும். ஈரத் தளமும் உதிர்ந்த இலையும் வழுக்கும். நிஜக் கோலின் நுனியில் கார்பைடு முனை இருக்கும். சித்திரை வெயிலில் சேலத்துத் தார் இளகிக் கிடக்கும்போது அந்த முனை உள்ளே இறங்கிச் சிக்கிக்கொள்ளும், கோல் வராது, ஆள் மட்டும் போவார். காலை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள்.

கொஞ்சம் தேறியபின் ஏற்றத்திலும் ஓட்டலாம். ஆனால் இறக்கத்தில் எப்போதும் ஸ்கீயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துதான் வர வேண்டும். என் குழுவில் இந்த ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு கிடையாது.

படி 4: ஊசியும் பொட்டும்

துப்பாக்கி இப்போது வேண்டாம். அது பின்னால், முறையான ரைஃபிள் கிளப்பில், பயிற்சியாளர் முன்னிலையில் மட்டும். ஆனால் இதயம் தடதடக்கும்போது கையை நிதானப்படுத்துவதை இப்போதே பழகலாம்.

எங்கள் வழி: ஊசியில் நூல் கோர்ப்பது. மொட்டைமாடிக்குப் படியில் மூன்று முறை ஏறி இறங்கியதும், பாயில் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, ஐந்து தையல் ஊசிகளில் நூல் கோர்க்க வேண்டும். ஒரு நிமிடம். மறுபடி ஏறி இறங்கி, இந்த முறை நின்றுகொண்டு ஐந்து கோணி ஊசிகள். படுத்தால் சின்ன வட்டம், நின்றால் பெரிய வட்டம் என்ற அதே கணக்கு. கோர்க்காத ஒவ்வொரு ஊசிக்கும் தெருமுனை வரை ஒரு சுற்று. நால்வரில் ஒருவன் வீட்டில் கொலுசுப் பட்டறை, சின்ன வயதிலிருந்தே சலங்கை கோர்த்துப் பழகியவன். ஓட்டத்தில் கடைசியில் வருவான், ஊசியில் அவனை யாராலும் முந்த முடியவில்லை.

அடுத்தது குறி பார்ப்பது. 50 மீட்டரில் 45 மி.மீ. என்றால் 5 மீட்டரில் நாலரை மி.மீ. ஸ்டிக்கர் பொட்டு அட்டையில் சின்ன அளவு ஏறக்குறைய அதுதான். நின்று பார்ப்பதற்குப் பதினொன்றரை மி.மீ., பெரிய பொட்டு. வெள்ளைச் சுவரில் வரிசையாக ஐந்து ஒட்டுங்கள். ஆசாரியிடம் சொல்லி ஒரு மரத் துப்பாக்கி செய்து, பின்னால் ஸ்ட்ரா துண்டு, முன்னால் கம்பி வளையம் வைத்தோம். நிஜத் துப்பாக்கி குறைந்தது 3.5 கிலோ இருக்க வேண்டும், பிள்ளைகளுக்கு அதில் பாதி எடை போதும். இரண்டு முறை ஆழமாக மூச்சு விட்டு, மூன்றாவதில் பாதி வெளியே விட்டு நிறுத்தி, பொட்டு வளையத்தின் நடுவில் நிற்கும்போது “டிக்” என்று சொல்ல வேண்டும். ஐந்து நொடிக்குமேல் மூச்சை அடக்கினால் கண் மங்கும், விட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அந்தக் கட்டையைத் தெருவில் எடுத்துக்கொண்டு நடக்க விடாதீர்கள், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது மரம் என்று தெரியாது.

படி 5: சேர்த்து ஓட்டுங்கள்

மாதம் ஒருமுறை போட்டி. 400 மீட்டர் ஓட்டம், படுத்து ஊசி, 400 ஓட்டம், நின்று ஊசி, கடைசியாக 400. ஊசி தவறினால் 50 மீட்டர் கூடுதல். கடைசித் திருப்பத்தில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து மூச்சைச் சரிசெய்துகொண்டு வருபவன்தான் பெரும்பாலும் ஜெயிப்பான். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, மூன்றாவது போட்டியில் அவர்களே கண்டுபிடித்தார்கள்.

நிஜப் பனியைத் தொட வேண்டுமானால் குல்மார்க், உத்தராகண்டின் ஔலி பக்கம் போக வேண்டும். 2020 முதல் நடக்கும் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயும் உண்டு. ஒரு வருஷமாவது இப்படித் தரையில் செய்தபிறகு ரயில் டிக்கெட்டைப் பற்றி யோசியுங்கள்.

அப்புறம், பயிற்சி முடிந்ததும் ஊசிகளை எண்ணி டப்பாவில் போடுங்கள். பத்து எடுத்தால் பத்தும் திரும்ப வர வேண்டும். எங்கள் மொட்டைமாடியில் தொலைந்த ஒன்றை, வடகம் காயப்போடப் போன அம்மாதான் காலால் கண்டுபிடித்தார்.