பட்டமும் சம்பளமும் ஒன்றாக: இங்கிலாந்தின் விமானத் தொழிலில் பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு ஒரு வழி

இங்கிலாந்துக்கு வந்து சில ஆண்டுகளே ஆன நம் குடும்பங்களில், ஏ லெவல் (நம் ஊர் பிளஸ் டூ, உயர்தரம் போன்றது) படிக்கும் பிள்ளையின் அடுத்த படியை ஆகஸ்டு மாதத்தில் தேர்வு முடிவு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெற்றோர் எண்ணியிருப்பதை அடிக்கடி காண்கிறேன். ஊரில் நாம் பழகியது அப்படித்தான்: தமிழ்நாட்டில் மதிப்பெண் வந்த பின் கலந்தாய்வு, இலங்கையில் பெறுபேறு வந்த பின் வெட்டுப்புள்ளி. விமானப் பொறியியலில் டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் எனப்படும், வேலையோடு இணைந்த பட்டப் பயிற்சிக்கு இந்தப் பழக்கம் உதவாது. அடுத்த செப்டம்பரில் தொடங்கும் பயிற்சிக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பங்கள் திறக்கின்றன. பெரிய நிறுவனங்கள் பலவும் பொங்கலை ஒட்டியோ அதற்கு முன்னரோ அவற்றை மூடிவிடுகின்றன. எங்கள் மூத்த மகன் இதை அறியாமல் தேர்வு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ஆகஸ்டில் தேடத் தொடங்கி ஓராண்டை இழந்தான். அந்த இழப்பு இன்னொரு வீட்டில் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2015-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கிய இந்த ஏற்பாட்டில், பள்ளி முடித்தவர் முதல் நாளிலிருந்தே நிறுவனத்தின் ஊழியராகிறார். நான்கு அல்லது ஐந்து ஆண்டுகள் வேலை செய்துகொண்டே, வாரத்தில் ஒரு நாளோ சில வாரங்கள் சேர்ந்தாற்போலவோ பல்கலைக்கழகத்துக்குச் சென்று, முடிவில் இளநிலைப் பொறியியல் பட்டம் பெறுகிறார். கல்விக் கட்டணத்தில் ஒரு பென்னிகூட அவர் கட்டத் தேவையில்லை. ஆண்டுச் சம்பளப் பட்டுவாடா 30 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட நிறுவனங்களிடமிருந்து 2017 முதல் அரசு வசூலிக்கும் 0.5 விழுக்காட்டு வரியிலிருந்து அந்தச் செலவு ஈடுசெய்யப்படுகிறது. வழக்கமான வழியில் செல்லும் மாணவருக்கு 2025-26-இல் ஆண்டுக் கட்டணம் அதிகபட்சம் 9,535 பவுண்டாக இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், இதன் மதிப்பு விளங்கும். மாணவர் கடன் இதற்குக் கிடையாது. அது தேவைப்படவும் இல்லை.

அப்ரண்டிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் பட்டறை வேலை என்று முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பட்டம் மற்றவர்கள் பெறும் அதே பட்டம்; உரிய அனுபவத்தோடு, தொழில்முறைப் பொறியாளராகப் பதிவு செய்துகொள்ளவும் அது வழிவிடுகிறது. பட்டறையும் உண்டு, அது நல்லதுதான். என் மகன் முதல் மாதங்களில் ஓர் எஃகுத் துண்டைக் கையால் அரம் கொண்டு ராவிச் சதுரமாக்க வேண்டியிருந்தது. மூலைமட்டத்தை அதன் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் இடையே மயிரிழையளவு ஒளிக் கீற்று கசிந்தாலும் மறுபடி ராவ வேண்டும். கருவிகள் வைக்கும் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்திலேயே வெட்டிய பள்ளம் இருக்கும். மாலையில் ஒரு பள்ளம் வெறுமையாக இருந்தால், அந்தக் கருவி கிடைக்கும் வரை தேடுவார்கள், ஏனெனில் இறக்கைக்குள்ளோ இயந்திரத்துக்குள்ளோ தவறி விழுந்த ஒரு திருகாணிகூட உயிருக்கு உலை வைக்கும். பின்னாளில் கணினித் திரையில் ஒரு பாகத்தை வடிவமைக்கும்போது, அதைச் செய்யப்போகும் கையின் சிரமம் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

இத்தொழில் லண்டனை மையமாகக் கொண்டதல்ல. லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் வாழும் குடும்பங்கள் இதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். பிரிஸ்டலை அடுத்த ஃபில்டனில் ஏர்பஸ் இறக்கைகளை வடிவமைக்கிறது. அங்குள்ள பயிற்சியாளர்கள் வெஸ்ட் ஆஃப் இங்கிலாந்து பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். அதே ஃபில்டனில் விமானப் பாகங்கள் செய்யும் ஜிகேஎன் நிறுவனமும் ரோல்ஸ் ராய்ஸின் பாதுகாப்புத் துறை இயந்திரப் பிரிவும் இருக்கின்றன. பயணிகள் விமானங்களுக்கான டிரென்ட் இயந்திரங்களின் தாயகம் டெர்பி. லங்காஷயரின் வார்டன், சாம்ல்ஸ்பரி ஆகிய இடங்களில் போர் விமானங்கள் செய்யும் பிஏஇ சிஸ்டம்ஸ், யோவிலில் லியோனார்டோவின் ஹெலிகாப்டர்கள், ஸ்டீவனேஜில் ஏவுகணைகள் செய்யும் எம்பிடிஏ. ஏர்பஸ் இறக்கைகள் உருப்பெறும் பிராட்டன் வேல்ஸில் இருப்பதால், அங்கே வேல்ஸ் அரசின் விதிகள் பொருந்தும். ஸ்காட்லாந்துக்கும் தனி ஏற்பாடு உண்டு. நான் இங்கே சொல்பவை இங்கிலாந்தின் விதிகள்.

இந்தப் பட்டியலில் சில நிறுவனங்கள் போர் விமானங்களையும் ஏவுகணைகளையும் செய்கின்றன. பிரிட்டனில் டைஃபூன் போர் விமானங்கள் பூட்டப்படும் இடம் வார்டன்தான். குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பதுங்குகுழிக்குள் இரவைக் கழித்துவிட்டு வந்த குடும்பங்கள் நம்மிடையே பல. அத்தகைய வீட்டில் பிள்ளை விண்ணப்பிக்கும் முன்பே இதைப் பற்றி மனம் விட்டுப் பேசிவிடுவது நல்லது. வேலை கிடைத்த பிறகு எழும் மனக்கசப்பு இரு தரப்புக்கும் கடினமானது.

இனி, புதிதாக வந்தவர்களுக்கு மிகமிக முக்கியமான தகுதி விதிக்கு வருகிறேன். பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாதவர், கல்விக்காக அல்லாத அனுமதியில், பயிற்சி தொடங்கும் நாளுக்கு முன் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இந்நாட்டில் வதிந்திருக்க வேண்டும். வேலை செய்யும் உரிமையும் வேண்டும். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கு இந்த மூன்றாண்டு நிபந்தனை இல்லை. மாணவர் விசாவில் இருப்பவர் இதில் சேர முடியாது. பெற்றோரின் பணி விசாவைச் சார்ந்து வந்த பிள்ளையின் நிலையைத் தனியே கவனிக்க வேண்டும். நிரந்தர வதிவுரிமை கிடைக்கும் வரை அந்தப் பிள்ளைக்குப் பொதுவாக மாணவர் கடன் கிடைக்காது, பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தைக் கேட்கும். ஆனால் மூன்று ஆண்டுகள் நிறைந்திருந்தால் இந்தப் பயிற்சிக்கான நிதிக்குத் தகுதி பெறலாம். பல வீடுகளில் இது தெரியாமலே போய்விடுகிறது.

அதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. கையிலிருக்கும் விசாக் காலத்துக்குள் பயிற்சியை முடிக்க முடியுமா என்பதை நிறுவனமும் பல்கலைக்கழகமும் பார்க்கும். மேலும், 18 வயதைக் கடந்த பிள்ளை சார்ந்திருப்பவராக விசாவை நீட்டிக்கும்போது, அவர் பெற்றோரை விட்டுத் தனி வாழ்க்கை நடத்தவில்லை என்று காட்ட வேண்டும். வேறு ஊரில் வீடு எடுத்து முழுநேரச் சம்பளம் வாங்குவது அங்கே கேள்வியாக எழக்கூடும். விண்ணப்பப் படிவத்தைத் திறக்கும் முன், பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். நண்பரின் அனுபவத்தை நம்பி முடிவெடுக்கக்கூடிய விஷயமல்ல இது.

பாதுகாப்புத் துறைப் பணிகளில் அரசின் பாதுகாப்புச் சோதனையும் சேர்ந்துகொள்ளும். அதற்குப் பொதுவாக ஐந்து ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். சில பணிகள் குறிப்பிட்ட குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டுமே. வந்து மூன்று, நான்கு ஆண்டுகளான குடும்பங்கள் பயணிகள் விமானப் பிரிவுகளில் கவனம் செலுத்துவதே பயன் தரும்.

படிப்பைப் பொறுத்தவரை, ஏ லெவலில் கணிதம் அநேகமாகக் கட்டாயம். இயற்பியலையோ அதற்கு நெருங்கிய பாடத்தையோ கேட்பார்கள். பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றில் தேர்ச்சியும் வேண்டும். ஊரில் பிளஸ் டூ அல்லது உயர்தரம் முடித்துவிட்டு வந்த பிள்ளையின் சான்றிதழ்களுக்கு யூகே எனிக் அமைப்பிடம் ஒப்பீட்டுச் சான்று பெற்று வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு வயதில் வந்து ஜிசிஎஸ்இ எழுதாத பிள்ளை, ஏ லெவலோடு சேர்த்து ஆங்கிலத்தையும் கணிதத்தையும் எழுதிவிட முடியுமா என்று ஏ லெவல் வகுப்பான சிக்ஸ்த் ஃபார்மில் சேரும் நாளிலேயே கேட்க வேண்டும்.

விண்ணப்பம் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூகாஸ் அமைப்பின் வழியாக அல்ல, நேரே நிறுவனத்துக்குச் செல்கிறது. அரசின் அப்ரண்டிஸ்ஷிப் தேடல் தளத்திலும் அறிவிப்புகள் வரும். போட்டி கடுமையானது. ஆகவே யூகாஸில் ஐந்து பல்கலைக்கழகத் தெரிவுகளையும் தவறாமல் போட்டு வையுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதில் தடையேதும் இல்லை. படிவத்துக்குப் பின் இணையவழித் தேர்வு, பதிவு செய்யப்படும் காணொளி நேர்காணல், இறுதியில் குழுவாகச் செயல்பட வைத்துப் பார்க்கும் தேர்வு நாள் என்று படிப்படியாக நடக்கும். நம் பிள்ளைகள் பலர் தடுமாறுவது இந்தக் கடைசிப் படியில்தான். பெரியவர்கள் முன் அடக்கமாக இரு, தற்பெருமை பேசாதே என்று நாம் வளர்த்திருக்கிறோம். அங்கேயோ நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள். "நாங்கள் கோவில் விழாவுக்கு ஒலிபெருக்கி அமைத்தோம்" என்றால் போதாது. "மேடையில் இரைச்சல் வந்தது, எந்தக் கம்பியில் பழுது என்று நான் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தேன், இணைப்பில் பிழை இருந்தது, மாற்றினேன்" என்று சொல்ல வேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததும், தாத்தாவின் வானொலியைப் பிரித்து மாட்டியதும் இங்கே மதிப்புள்ள அனுபவங்களே. இத்தொழிலில் ஏன் ஆர்வம் என்ற கேள்விக்குப் பதில் தேடும் பிள்ளையை ஃபில்டனில் உள்ள ஏரோஸ்பேஸ் பிரிஸ்டல் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். 2003 நவம்பர் 26 அன்று கடைசியாகப் பறந்த கான்கார்டு, ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானம், அங்கே நிற்கிறது. அதன் இறக்கைக்கு அடியில் நடந்து பார்த்த பிறகு என் மகளுக்கு அந்தப் பதிலை மனப்பாடம் செய்யத் தேவையிருக்கவில்லை.

இடம் கிடைத்த பிறகு வீட்டுக் கணக்கு மாறும். அப்ரண்டிஸ்களுக்கான குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 7.55 பவுண்டாக இருந்தது, பெரிய விமான நிறுவனங்கள் அதைவிட நன்றாகவே கொடுக்கின்றன. ஆனால் பிள்ளைக்காகப் பெற்றோருக்கு அரசு தரும் சைல்ட் பெனிஃபிட் உதவித்தொகை பயிற்சி தொடங்கியதும் நின்றுவிடும். நீங்களே அறிவிக்காவிட்டால் கூடுதலாக வந்த பணத்தைத் திருப்பிக் கட்ட நேரும். முழுநேர மாணவருக்கு உள்ள கவுன்சில் வரி (குடியிருக்கும் வீட்டுக்கு உள்ளாட்சி வசூலிக்கும் வரி) விலக்கு, வாரம் 195 பவுண்டுக்கு மேல் ஈட்டும் அப்ரண்டிஸுக்குக் கிடையாது. நீண்ட கோடை விடுமுறையும் இல்லை. நாள் முழுதும் வேலை செய்துவிட்டு மாலையில் கணிதம் படிக்கும் முதல் ஆண்டு கடினமானது, அப்போது வாரம் ஒருமுறையாவது பேசுங்கள். வார்டன் போன்ற இடங்களுக்குப் பேருந்தை நம்பிக் காலைப் பணிக்குச் செல்வது சிரமம். தற்காலிக ஓட்டுநர் உரிமத்துக்கு 15 வயது 9 மாதத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்பதால், 17 பிறந்ததும் கார் ஓட்டப் பழகத் தொடங்கிவிடட்டும்.