ஒட்டுப்போட்ட பழைய சுவரைப் பூசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வீட்டில் ஒரு சுவரின் வர்ணத்தைச் சுரண்டிப் பாருங்கள். அடியில் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை இருக்கும். வயர் பதித்த இடத்தில் நீளமாக ஒரு சிமெண்ட் கோடு, சுவிட்சுப் பெட்டியைச் சுற்றி வெள்ளையாக ஜிப்சம், அலமாரி பிடுங்கிய இடத்தில் யாரோ அவசரமாக அப்பிய கலவை. இவை ஒவ்வொன்றும் தண்ணீரை ஒவ்வொரு வேகத்தில் குடிக்கும், ஒவ்வொரு அளவில் சுருங்கும். அதைக் கவனிக்காமல் எல்லாவற்றின் மேலும் ஒரே பூச்சை இழுத்துவிட்டால், சில மாதங்களில் பழைய ஒட்டுகளின் ஓரம் அப்படியே விரிசலாக மேலே தெரியும்.

முதல் தவறு, சுவரைத் தட்டிப் பார்க்காமல் விடுவது. சுத்தியல் கைப்பிடியால் சுவர் முழுக்கத் தட்டுங்கள். பிடிப்புள்ள இடம் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். பிடிப்பு விட்ட இடம் பொள்ளலாகக் கேட்கும். அதைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்துவிட வேண்டும். கொத்த ஆரம்பித்தால் கையகலம் கதவகலம் ஆகிவிடுமே என்ற பயத்தில்தான் பலர் தொடாமல் விடுகிறார்கள். விட்டால், மேலே வரும் புதுப் பூச்சின் எடை சேர்ந்து மொத்தமாகக் கழன்று விழும்.

கொத்தும்போது ஒன்றை மறக்கக்கூடாது. பல பத்தாண்டுகள் பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூசி வீடெங்கும் பரவும். குழந்தைகளுக்கு அது மிகவும் ஆபத்து. ஈரப்படுத்திச் சுரண்டுங்கள், நல்ல முகக்கவசம் போடுங்கள், வேலை முடியும்வரை குழந்தைகளை அந்த அறைப் பக்கமே விடாதீர்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு ஈரத்தின் மேல் பூசுவது. சுவரில் உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரம்வரை வரிசையாக ஓதம் ஏறியிருந்தால் அடித்தளத்தைச் சந்தேகப்படுங்கள். ஓரிடத்தில் மட்டும் திட்டாக இருந்தால் குழாயைப் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் கெட்டியான சிமெண்டைப் பூசி ‘அடைத்துவிட்டேன்’ என்று நினைத்தால், தண்ணீர் அந்தப் பூச்சைத் தாண்டி இன்னும் மேலே ஏறிப் பக்கத்தில் வெளிவரும். கசிவை நிறுத்திய பிறகும் சுவர் உடனே காய்ந்துவிடாது. 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மாதம் என்று தோராயமாகக் கணக்கு வைப்பது வழக்கம். இந்தக் காத்திருப்பு கஷ்டம்தான், ஆனால் இதற்குக் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து கிடையாது. பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும்.

சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டால் ஒட்டுப்போடுவதும் இதே கதைதான். சுண்ணாம்புக் காரை மென்மையானது, ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்ட் இறுகி நிற்கும். ஆணியால் கீறிப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்: சுண்ணாம்பு எளிதில் பொடியாக உதிரும், சிமெண்டில் வெறும் கீறல்தான் விழும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புக் கலவையே பொருந்தும். அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மெதுவாகத்தான் இறுகும், அதனால் அவசரப்படுத்தக் கூடாது. சுவிட்சுப் பெட்டியைச் சுற்றியுள்ள ஜிப்சத்தின் மேல் சிமெண்ட் பூசுவதும் வேண்டாம். ஈரம் பட்டால் இரண்டும் வினைபுரிந்து வீங்கும், பூச்சு பெயரும். ஜிப்சத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே பூசுங்கள்.

செங்கல்லும் சிமெண்டுமான சுவர் என்றால் சிமெண்டைக் கூட்டிப்போட்டால் பலம் கூடும் என்ற நம்பிக்கையைக் கைவிடுங்கள். உள்சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் போதும். அதிகமானால் சுருக்க விரிசல்தான் மிஞ்சும். ஒரு பூச்சின் தடிமன் சுமார் 12 மி.மீ. இருந்தால் போதும். அதைவிட ஆழமான பள்ளத்தை ஒரே மூச்சில் நிரப்பினால் கலவை தன் எடையிலேயே தொய்ந்துவிடும். பாதி நிரப்பி, கரணை முனையால் கீறிவிட்டு, அது இறுகிய பிறகு அடுத்ததைப் போடுங்கள்.

ஒட்டின் ஓரத்தைக் காகிதம்போல் மெலிதாக இழுத்துவிட்டால் அது சீக்கிரம் உரிந்து வரும். பழைய பூச்சின் ஓரத்தைச் செங்குத்தாக வெட்டி, சற்று உட்பக்கம் சாய்த்துவிட்டால் புதியது பிடித்துக்கொள்ளும். கான்கிரீட்டும் செங்கல்லும் சேரும் இடத்திலும், வயருக்குக் காடி வெட்டிய இடத்திலும் கோழிவலை அடித்துப் பூசுங்கள்.

காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், அதனால் முதல் நாளே நனைத்து வையுங்கள். பூசும்போது சுவர் ஈரமாக இருக்கலாம், தண்ணீர் வழியக்கூடாது. குழைத்த சிமெண்ட் கலவையை அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இறுகத் தொடங்கியதில் தண்ணீர் தெளித்து மறுபடி குழைப்பது வேண்டாம். மினுக்கம் வர மேலே வெறும் சிமெண்டைத் தூவித் தேய்ப்பதும் சிலந்திவலை விரிசலைத்தான் கொண்டுவரும்.

அப்புறம் சிமெண்ட் பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர் விடுங்கள். ஜிப்சம் பூச்சுக்கு விடவே கூடாது. வர்ணத்துக்கு 28 நாள் பொறுப்பது நல்லது. புதுச் சிமெண்டின் காரம் வர்ணத்தை வெளிறச் செய்யும். பட்டி (வர்ணத்துக்கு முன் சுவரை வழவழப்பாக்கும் மெல்லிய பூச்சு) பார்ப்பதற்கு முன் ஒரு மாலை, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் மட்டமாகத் தெரிந்த இடத்தில் மேடுபள்ளம் நிழலாகத் தெரியும்.