காட்டுக்காளான் கற்றுக்கொள்ளலாமா? முதலில் எமனை அடையாளம் காணுங்கள்

காளான் பறிக்க ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எதைச் சாப்பிடலாம்?" என்பதுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வெள்ளை வெளேரென்று ஏழெட்டுக் காளான்களைக் கத்தியால் நறுக்கி எடுத்துப் போய், விஷயம் தெரிந்த ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் குடையைப் பார்க்கவே இல்லை. "அடி எங்கே?" என்றார். அதை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். மொத்தத்தையும் குப்பையில் கொட்டச் சொல்லிவிட்டார்.

அன்றைக்குக் கோபம்தான். அப்புறம்தான் புரிந்தது, ஆளைக் கொல்லும் காளானின் முக்கிய அடையாளம் அந்த அடியில் இருக்கிறது என்று. அதனால் இங்கே வரிசை தலைகீழ்: முதலில் விஷம், சாப்பாடு பிறகு.

படி 1: கொல்வது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அமானிடா ஃபாலாய்டிஸ். பொதுவாக டெத் கேப் என்பார்கள். உலகில் காளான் தின்று நேரும் சாவுகளில் பெரும்பங்கு இதன் கணக்கில்தான். ஐரோப்பாவில் இருந்து மரக்கன்றுகளின் வேரோடு ஒட்டிக்கொண்டு வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா வரை போய்ச் சேர்ந்துவிட்டது. குடை பெரும்பாலும் மங்கிய பச்சை, வெள்ளையாகவும் வரும். குடைக்கு அடியில் விசிறி மடிப்பு போல இருக்கும் செவுள்கள் வெள்ளை. தண்டில் பாவாடை போல ஒரு வளையம். தண்டின் கடைசியில், மண்ணுக்குள், கிழிந்த பை ஒன்று.

இதன் கொடுமை என்னவென்றால், தின்றதும் ஒன்றும் செய்யாது. தின்று பிழைத்தவர்கள் ருசியாக இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும், ஆள் சாதாரணமாக இருப்பார். பிறகு வாந்தி, பேதி. அதுவும் ஒரு நாளில் அடங்கி, சரியாகிவிட்டது போல இருக்கும். அந்த இடைவெளியில்தான் அமாடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலை அழித்துக்கொண்டிருக்கும். வேகவைத்தாலும் உலர்த்தினாலும் உறையவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. பெரியவர் ஒருவரைக் கொல்ல அரைக் காளான் போதும்.

வெள்ளைச் செவுள், வளையம், அடியில் பை: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் புதியவர்கள் அதைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். இந்தக் கணக்கில் சில நல்ல காளான்களும் கைநழுவும். போகட்டும். ஆனால் வளையம் இல்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள். அது எளிதில் உதிர்ந்துவிடும்.

படி 2: முழுசாகத் தோண்டி எடுங்கள்

சின்னக் கத்தியைப் பக்கத்தில் குத்தி, மண்ணோடு நெம்பி எடுங்கள். வகைக்கு ஒரு காகிதப் பொட்டலம். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும். மண்ணில் முளைத்ததா, மரத்திலா, பக்கத்தில் என்ன மரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். தொட்டால் நஞ்சு ஏறாது, தின்றால்தான். தைரியமாகக் கையாளலாம்.

படி 3: நெடுக வெட்டிப் பாருங்கள்

உருண்டையாக இருக்கும் பந்துக்காளானுக்கு இந்தப் படி கட்டாயம். உச்சியிலிருந்து அடிவரை இரண்டாகப் பிளந்தால் உள்ளே ஒரே வெள்ளையாக, எந்தக் கோடும் இல்லாமல் இருக்க வேண்டும். குட்டிக் குடையும் தண்டும் படம் வரைந்தது போலத் தெரிந்தால், அது பந்துக்காளான் இல்லை. முட்டைப் பருவத்தில் இருக்கும் அமானிடாவாக இருக்கலாம். உள்ளே கருப்பாகவோ கருநீலமாகவோ இருந்தால் அதுவும் வேண்டாம்.

தேன்கூடு போலக் குழிவிழுந்த குடை கொண்ட மொரெல் காளானும் இப்படித்தான். உண்மையான மொரெல் குடையிலிருந்து தண்டுவரை ஒரே குழாயாக உள்ளே வெறுமையாக இருக்கும். போலியில் அறை அறையாகவோ பஞ்சு அடைத்தாற்போலவோ இருக்கும். உண்மையான மொரெலைக்கூடப் பச்சையாகத் தின்னக் கூடாது.

படி 4: ஸ்போர் தூளின் நிறம்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஸ்போர் என்பது காளான் விதை போல உதிர்க்கும் நுண்ணிய தூள். பாதி வெள்ளை, பாதி கருப்பாக ஒரு காகிதம் தயார் செய்யுங்கள். தண்டை நீக்கி, குடையைச் செவுள் கீழே இருக்கும்படி இரண்டு நிறத்திலும் படுகிற மாதிரி வையுங்கள். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கிண்ணத்தால் மூடி இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் குடையைத் தூக்கினால், செவுள்களின் வரிகள் சக்கரத்தின் ஆரங்கள் போலத் தூளில் பதிந்திருக்கும். வெள்ளைத் தூள் கருப்புப் பாதியில்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்குத்தான் இரண்டு நிறம்.

அமானிடாவுக்கு வெள்ளை. கடையில் கிடைக்கும் மொட்டுக் காளானின் குடும்பமான அகாரிகஸுக்குச் சாக்லெட் பழுப்பு. புல்வெளியில் பெரிய வெள்ளைக் குடையாக முளைக்கும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸுக்குப் பச்சை. இதைத் தின்றால் சில மணி நேரத்தில் வாந்தி, பேதி புரட்டி எடுத்துவிடும். நல்ல குடைக்காளான் என்று நம்பி இதைப் பறிப்பவர்கள் ஏராளம்.

வைக்கோல் காளானுக்குத் தூள் இளஞ்சிவப்பு. அதற்கும் அடியில் பை உண்டு, ஆனால் வளையம் கிடையாது. மொட்டாக இருக்கும்போது அதுவும் டெத் கேப்பும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். மொட்டில் தூளும் விழாது. ஆசியாவில் இதைப் பழகிவிட்டு வேறு கண்டத்தில் குடியேறியவர்கள் ஏமாந்து உயிரை விட்டிருக்கிறார்கள். இன்னொன்று: இளஞ்சிவப்புத் தூள் உள்ள விஷக்காளான்களும் இருக்கின்றன. தூளின் நிறம் ஒன்றை வேண்டாம் என்று தள்ளத்தான் உதவும்; அதை மட்டும் வைத்துச் சம்மதம் சொல்ல முடியாது.

படி 5: ஜோடி ஜோடியாகப் படியுங்கள்

ஷேண்டரெல் என்ற, சாப்பிடக்கூடிய காளான் முட்டைக்கரு மஞ்சள். குடைக்கு அடியில் இருப்பவை தனிச் செவுள்கள் அல்ல. சதையே மடிந்து, கிளைவிட்டுத் தண்டில் இறங்கியிருக்கும். கிழித்தால் உள்ளே வெள்ளை. அதன் போலியான ஆம்ஃபலோட்டஸுக்குக் கத்தி போன்ற உண்மையான செவுள்கள். உள்ளேயும் ஆரஞ்சு நிறம், பட்டமரத்திலோ புதைந்த வேரிலோ கொத்தாக முளைக்கும்.

அகாரிகஸின் விஷ உறவினர் ஒன்றைத் தண்டின் அடியில் நகத்தால் கீறினால் உடனே பளிச்சென்ற மஞ்சள் வரும். மூக்கருகே கொண்டுபோனால் மை நாற்றம். சூடான சட்டியில் அந்த நாற்றம் இன்னும் தூக்கும்.

வெள்ளிக்காசு கறுத்தால் விஷம், பூண்டு நிறம் மாறினால் விஷம், புழு தின்றால் நமக்கும் நல்லது என்பதெல்லாம் சுத்தப் பொய். டெத் கேப்பை நத்தைகள் ஆற அமரத் தின்னும். செல்போன் செயலி சொன்னதை நம்பிச் சமைக்கவும் வேண்டாம். படத்தில் அடிப்பை தெரியாது, மணமும் தெரியாது.

படி 6: தட்டுக்குப் போகும் முன்

முதல் பருவம் முழுக்கப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. அதற்குப் பிறகும், அனுபவசாலி ஒருவர் கையில் எடுத்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே சமையுங்கள். நன்றாக வேகவையுங்கள். முதல் தடவை ஒரே வகை, கொஞ்சமே கொஞ்சம், குழந்தைகளுக்கு வேண்டாம். சமைக்காத காளான் ஒன்றை அடியோடு காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். அன்றோ மறுநாளோ வயிறு லேசாகப் புரட்டினாலும், புரட்டி நின்றிருந்தாலும், அந்தப் பொட்டலத்தோடு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். என்ன தின்றீர்கள், எத்தனை மணிக்குத் தின்றீர்கள் என்று கேட்பார்கள். நேரத்தைப் பொட்டலத்தின் மேலேயே எழுதிவைத்துவிடுங்கள்.