பாஸ் மீன், பைக் மீன் வீடியோ பாத்துட்டு நம்ம ஊர் லொம்போங்ல (பழைய ஈயச் சுரங்கக் குளம்) மீன் பிடிக்கப் போறவங்களுக்கு

போன மாசம் அக்கா மகன் வீட்டுக்கு வந்தான், கையில புது ராட், புது ரீல், ஒரு பெட்டி நிறைய லூர் (நிஜ இரை மாதிரி செஞ்ச போலி இரை). "மாமா, அமெரிக்காக்காரன் பாஸ் பிடிக்கிறான், ஸ்வீடன்காரன் கை நீளத்துக்குப் பைக் மீன் பிடிக்கிறான், கோலாலம்பூர்ல எங்க போனா இப்படிக் கிடைக்கும்"னு கேட்டான். அவன் சாமானை வாங்கிப் பாத்தேன், ராட் நல்ல ராட்தான், ஆனா லைனையும் லீடரையும் (லைன் முன்னாடி கட்டுற தனி நரம்பு) சேத்துக் கட்டியிருந்த முடிச்சை ரெண்டு கையாலயும் இழுத்தேன், உருவிட்டு வந்துருச்சு. அவனுக்கு அன்னைக்கு ரெண்டு மணி நேரம் உக்காந்து சொன்னதைத்தான் இங்க எழுதறேன், புதுசா காஸ்டிங் (லூரை எறிஞ்சு மீன் பிடிக்கிறது) ஆரம்பிக்கிற எல்லாருக்கும் ஆகும்.

மொதல்ல மீனைப் புரிஞ்சிக்கணும். வீடியோல வர்ற லார்ஜ்மவுத் பாஸ் வட அமெரிக்கா மீன், பைக் ஐரோப்பா, கனடா மாதிரி குளிர் நாட்டு மீன், பூச்சோங் பக்கம் குளத்துல ரெண்டும் கிடைக்காது. ஆனா அதுங்க பாக்குற வேலையை இங்க வேற மீன் பாக்குது. பைக் என்ன பண்ணும், செடிக்குள்ள கட்டை மாதிரி அசையாம நிக்கும், சின்ன மீன் கிட்ட வந்தா ஒரே பாய்ச்சல். நம்ம தோமானும் ஹாருவானும் (ஹாருவான்னா வேற ஒண்ணும் இல்ல, நம்ம விரால்தான், தோமான் அதே குடும்பத்துப் பெரிய மீன்) அதே ஜாதி வேட்டைக்காரன். பாஸ் இடத்துல நமக்கு பிகாக் பாஸ் இருக்கு, பேர்லதான் பாஸ், உண்மையில அது அமேசான் பக்கத்துல இருந்து வந்த சிக்லிட், திலாப்பியாவுக்குத்தான் சொந்தக்காரன். வால் அடியில மயில் கண்ணு மாதிரி ஒரு வட்டம் இருக்கும், அதுலேருந்து வந்த பேரு.

ராட் ரீலுக்கு ரொம்ப யோசிக்காதீங்க. ஆறரை அடி மீடியம் ராட், 2500 சைஸ் ஸ்பின்னிங் ரீல், இது ஒண்ணு போதும், ரெண்டும் சேத்து 200 வெள்ளிக்குள்ள பாத்தாலே ஓடும். தோமானுக்குன்னே போறதா இருந்தா மீடியம் ஹெவி வேணும். பேட்காஸ்டர் ரீல் (எறியும்போது ஸ்பூல், அதாவது லைன் சுத்தியிருக்கிற உருளை, தானே சுழல்ற வகை) அழகு, குறி வச்ச இடத்துல விழும், ஆனா மொத நாளே அதை எடுத்தா லைன் குருவிக்கூடு ஆயிரும், காலைல பாதி நேரம் சிக்கு எடுக்கவே போயிரும். அப்படியும் வாங்கிட்டீங்கன்னா ஒண்ணு பண்ணுங்க, லூரைக் கட்டித் தொங்கவிட்டு பட்டனை அமுக்குங்க, லூர் மெதுவா இறங்கணும், தரையைத் தொட்டதும் ஸ்பூல் தானா நிக்கணும், அது வரைக்கும் பக்கத்துல இருக்கிற திருகை இறுக்கிட்டே வாங்க, பிரேக்கையும் அதிகமா வச்சுட்டு ஆரம்பிங்க, லூர் தண்ணியில விழுற நேரத்துல கட்டைவிரலை ஸ்பூல் மேல வச்சிரணும்.

பணம், நேரம் ரெண்டையும் போட வேண்டிய இடம் லைன், லீடர், முடிச்சு, ட்ரேக் (மீன் இழுக்கும்போது ரீல் லைனை விட்டுக்குடுக்கிற இறுக்கம்). மீனுக்கும் உங்களுக்கும் நடுவுல இருக்கிறது அதுதான். மெயின் லைன் பிரெய்டு (பின்னுன நூல் லைன்) போடுங்க, பிகாக்குக்கு 20 பவுண்டு, தோமானுக்கு 30, பவுண்டுங்கறது லைன் தாங்குற பலம். பிரெய்டு மெல்லிசா இருக்கும், இழுவாது, மீன் லேசாத் தொட்டாக்கூட கைக்குத் தெரியும், ஆனா கல்லுலயும் மரத்துலயும் உரசுனா சட்டுனு அறுந்துரும், அதனாலதான் முன்னாடி ஒரு பாகம் லீடர். பிகாக்குக்கு 20லேருந்து 30 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நரம்பு போதும், அதோட வாய் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, அறுக்காது. தோமானுக்குப் பல்லு இருக்கு, 50, 60 பவுண்டு தடிப்பு வேணும். பைக் பிடிக்கிறவங்க ஒரு சாண், ஒன்றரைச் சாணுக்கு கம்பி லீடர் போடுறது அதோட பல்லு கத்தி மாதிரி அறுக்கும்ங்கறதாலதான். தோமானுக்கும் கம்பி போடுற ஆளுங்க இருக்காங்க, எனக்கு அது பிடிக்கிறதில்ல, லூரோட ஆட்டம் கெட்டுப்போகுது, அதனால தடிச்ச லீடர் போட்டு அடிக்கடி மாத்திக்குவேன்.

பிரெய்டையும் லீடரையும் சேக்க எஃப்ஜி முடிச்சுதான் சிறந்தது, மெல்லிசா ராட் வளையத்துல தட்டாமப் போகும், ஆனா கை பழக ஒரு வாரம் ஆகும், வீட்டுல டிவி பாத்துக்கிட்டே கட்டிக் கட்டிப் பழகுங்க. அது வரைக்கும் டபுள் யூனி முடிச்சு போதும். எந்த முடிச்சா இருந்தாலும் இறுக்கறதுக்கு முன்னாடி எச்சில் தொட்டு ஈரமாக்குங்க, காஞ்சபடியே இழுத்தா சூட்டுல லைனே பலம் போயிரும். கட்டி முடிச்சதும் கையில துணி சுத்திக்கிட்டு பலமா இழுத்துப் பாருங்க, வீட்டுல அறுந்தா நல்லது, குளத்துல அறுந்தாத்தான் கஷ்டம். ட்ரேக் லைன் பலத்துல கால்வாசிலேருந்து மூணுல ஒரு பங்கு, 20 பவுண்டு லைனுக்கு அஞ்சாறு பவுண்டு, அதாவது ரெண்டரை கிலோ சுமார். பயணப்பெட்டி தூக்கிப் பாக்குற தராசு வீட்டுல இருந்தா அதுல லைனை மாட்டி இழுத்துப் பாத்துச் சரி பண்ணுங்க.

இப்ப எங்க எறியறது. சிலாங்கூர்ல இருக்கிற குளம் நெறைய பழைய ஈய லொம்போங், 1985ல உலகத்துல ஈய விலை விழுந்ததும் பல மைன் மூடிட்டாங்க, தோண்டுன பள்ளத்துல தண்ணி தங்கிருச்சு. தோண்டுன குளம்ங்கறதால கரை கொஞ்ச தூரம் ஆழம் இல்லாம போயி திடீர்னு செங்குத்தா இறங்கும். தண்ணி நிறம் மாறுற அந்தக் கோட்டுலதான் மீன் நிக்கும், குளத்து நடுவுல எறிஞ்சு பிரயோஜனம் இல்ல, கரைக்கு இணையா எறிங்க. அந்தப் பள்ளம் உங்களுக்கும் ஆபத்து, மணல் சரிஞ்சா கால் எட்டாது, நீச்சல் தெரிஞ்சாலும் லைஃப் ஜாக்கெட் இல்லாம கரை ஓரமா இறங்காதீங்க, தனியாவும் போகாதீங்க. சொந்தக்காரன் இருக்கிற குளம்னா கேட்டுட்டுப் போங்க. கால்ல புண்ணு இருந்தா தண்ணியில வைக்காதீங்க, எலி மூத்திரக் காய்ச்சல் விளையாட்டு இல்ல. மத்தியானத்துக்கு மேல இடி கேட்டா ராட்டைக் கீழ வச்சுட்டு காருக்குள்ள போயிருங்க, கார்பன் ராட் மின்சாரம் கடத்தும், கிள்ளான் பள்ளத்தாக்கு மின்னல் அதிகமா விழுற இடம்.

பிகாக் கண்ணால பாத்து வேட்டையாடுற மீன், ராத்திரி தூங்கிரும். அதனால நடு ஜாமத்துல எழுந்து போக வேணாம், நமக்கு ஏழு மணிக்கு மேலதான் வெளிச்சம் வருது, ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டுட்டே போகலாம். ஏழு, எட்டு சென்டிமீட்டர் மின்னோ (சின்ன மீன் மாதிரி லூர்), இல்லன்னா சின்ன ஸ்பூன் (கரண்டி மாதிரி தகடு லூர்). வேகமா சுத்துங்க, நடுவுல ராட் நுனியால வெடுக் வெடுக்னு தட்டுங்க. பின்னாலயே வந்து கடிக்காம இருந்தா எல்லாரும் நிறுத்திருவாங்க, தப்பு, இன்னும் வேகமா சுத்தணும், இரை தப்பிச்சுப் போகுதுன்னு நினைச்சுத்தான் அது அடிக்கும், உங்க கை வேகத்தை விட அது வேகம்.

ஹாருவானுக்கு ஜம்ப் ஃப்ராக், அதாவது தவளை லூர். புல்லு மேல எறிஞ்சு தவளை மாதிரி இழுத்து இழுத்து நிறுத்துங்க. மீன் அடிச்சுத் தண்ணி வெடிச்சதும் கை தன்னாலயே தூக்கும், தூக்காதீங்க. ராட்டை இறக்குங்க, தளர்ந்த லைனைச் சுத்துங்க, மீனோட கனம் கையில தெரிஞ்சதும் அப்ப வெடுக்னு பலமா இழுங்க. இந்த ஒரு நொடி பொறுமை வர எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

தோமான் வேற மாதிரி. அது மேல வந்து காத்து குடிச்சுட்டுப் போகும், பொறுமையா உக்காந்து பாத்தா தண்ணியில ஒரு சுழி தெரியும். அந்த இடத்துக்கே எறியாதீங்க, அது போற திசையைக் கணிச்சு கொஞ்சம் தாண்டி எறிஞ்சு, அதோட பாதையில லூரைக் கொண்டு வாங்க, ஆழமா இறங்குற கிராங்க்பேட் லூர் நல்லா வேலை செய்யும். கடையில வாங்குன லூர்ல இருக்கிற ஹூக்கையும் வளையத்தையும் கழட்டிட்டு தடிச்சது போடுங்க, தோமான் தாடையால அமுக்குனா மெல்லிசு ஹூக் வளைஞ்சே போயிரும்.

சில நேரம் தண்ணி மேல செக்கச் செவேல்னு தோமான் குஞ்சுக் கூட்டம் ஒண்ணா ஏறி இறங்கும், கீழ அப்பா அம்மா ரெண்டும் காவல் நிக்கும். அதுக்குள்ள எறிஞ்சா கட்டாயம் அடிக்கும், பசிக்கு இல்ல, பிள்ளைங்களைக் காப்பாத்த. நான் எறியறதில்ல, நீங்களும் எறியாதீங்கன்னு கேட்டுக்கறேன், பெத்தவங்க இல்லன்னா குஞ்சுங்களை மத்த மீனு தின்னுரும், அப்புறம் அடுத்த வருஷம் அந்தக் குளத்துல என்னத்தைப் பிடிக்கிறது.

மீனைக் கரைக்குக் கொண்டு வந்ததும் ஈரக் கையால தொடுங்க. பாஸை வீடியோல கீழ்த்தாடையில கட்டைவிரல் வச்சுத் தூக்குவாங்க, பிகாக்குக்கு அது சரி, தோமான் வாயில விரல் வச்சா விரல் போயிரும், மீன் கிரிப்பும் (வாயைக் கவ்விப் பிடிக்கிற கருவி) நீள மூக்கு பிளேயரும் (குறடு) இல்லாம அதைத் தொடாதீங்க. ஹூக்ல இருக்கிற எதிர்முள்ளை வீட்டுலயே பிளேயரால நசுக்கிட்டு வந்தா சுலபமா கழலும், உங்க கையில குத்துனாலும் அதேதான். விடுறதா இருந்தா அதே தண்ணியில விடுங்க, பிகாக்கை உயிரோட கொண்டு போயி வேற ஆத்துல விடவே விடாதீங்க, அங்க இருக்கிற நம்ம சின்ன மீனெல்லாம் காலி ஆயிரும். சாப்பிட எடுக்கறதா இருந்தா தேவைக்கு ஒண்ணு ரெண்டு போதும், பிகாக் சதை வெள்ளையா முள்ளு கம்மியா இருக்கும், மஞ்சள் மிளகாய்த்தூள் போட்டு பொரிச்சா அருமை.

ஒவ்வொரு மீனுக்கு அப்புறமும், மீன் தப்பிச்சாலும், லீடரோட கடைசி ஒரு முழத்தை விரலால தடவிப் பாருங்க. சொரசொரன்னு இருந்தா யோசிக்காம அங்கேயே வெட்டிட்டு மறுபடி கட்டுங்க. ரவாங் பக்கம் ஒரு குளத்துல என் வாழ்க்கையிலேயே பெரிய தோமான் கரைக்கு ரெண்டு முழத்துல வந்து அறுத்துட்டுப் போச்சு, அதுக்கு முன்னாடி பிடிச்ச மீனோட பல்லு பட்ட லீடரை நான் தடவிப் பாக்கல.