பழைய பாணி ஓவியத்தோடு ஒரு காபி மக்: முதல்முறை வரைபவர்களுக்கு

நான் வரைந்த முதல் மக், பாத்திரம் தேய்க்கும் இடத்திலேயே கதை முடிந்துபோனது. அக்ரிலிக்கில் ஆசையாகப் போட்ட கடுகு மஞ்சள் வளைவு, பச்சை நாரால் இரண்டு இழுப்பு இழுத்ததும் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. அதனால் கடையில் ‘வீட்டு ஓவனில் சுடுகிற போர்சலைன் பெயிண்ட்’ என்றே கேளுங்கள். நான் வாங்குவது பெபியோ போர்சலைன் 150.

மக், புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கிடைப்பதே போதும். வெள்ளை, பளபளப்பு, படம் எதுவும் இல்லாதது. நகத்தால் சுண்டிப் பாருங்கள். ‘டங்’ என்று கேட்டால் எடுக்கலாம். மொட்டைச் சத்தம் வந்தால் எங்கோ விரிசல்.

கழுவிக் காயவைத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். அப்புறம் கைப்பிடியை மட்டும் பிடியுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் விலகும்.

இப்போது வடிவம். 1950, 60களின் பாணி என்றால் அரைவட்ட அடுக்குகள், பூமராங், அவரை விதை போன்ற வளைவுகள், கூர்முனைச் சூரியன். ஊரிலேயே மாதிரி வேண்டுமா? 1937இல் கட்டத் தொடங்கிய அரவிந்தர் ஆசிரம விடுதி கோல்கொண்டேயின் கிடைமட்டப் பலகைகளைப் பாருங்கள். அதில் நாலு கோடு, பக்கத்தில் ஒரு வட்டம். ஒரு மக்குக்கு அவ்வளவுதான். காகிதத்தில் வரைந்து, கார்பன் தாள் வைத்து மக்கில் ஏற்றிக்கொள்ளலாம்.

நிறம் மூன்று போதும்: கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, மயில் நீலம். பாட்டிலில் வரும் மஞ்சள் கண்ணைக் குத்தும். பல்குத்தி முனையில் பழுப்பு எடுத்துக் கலந்தால் அடங்கும். வெள்ளை இடத்தை நிரப்பிவிடாதீர்கள்.

முதலில் நிறத்தைத் திட்டாகப் போடுங்கள். தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்தபின் மெல்லிய தூரிகையால் கறுப்புக் கோடு. அதை ஓரத்தோடு பொருத்தாமல் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இழுங்கள். பழைய சிவகாசித் தீப்பெட்டி லேபிளில் நிறம் கோட்டைத் தாண்டி நிற்குமே, அந்த மாதிரி. எனக்கு இந்த வேலையில் பிடித்ததே இந்த விலகல்தான். கை நடுங்கினாலும் யாருக்கும் தெரியாது! பிசகினால் ஈரத்தில் காதுப் பஞ்சு, காய்ந்தபின் பல்குத்தி.

வாய் வைக்கும் விளிம்பிலிருந்து இரண்டு விரல் அகலம் விட்டுவிடுங்கள். உள்ளே வேண்டவே வேண்டாம். 1971 முதல் இங்கே இயங்கும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி செய்வது போன்ற கல்மண் பாண்டத்தில், 1200 டிகிரிக்கு மேல் மெருகு (கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு) உருகி மண்ணோடு ஒன்றாகிவிடும். நம் பெயிண்ட் மெருகின் மேல் இறுகி உட்காருகிறது, அவ்வளவே. அதனால்தான் வாயும் காபியும் படும் இடத்தில் அது வேண்டாம் என்கிறேன்.

24 மணி நேரம் காயட்டும். ஐப்பசி, கார்த்திகையில் கடற்காற்றின் ஈரத்துக்கு நான் இரண்டு நாள் விடுகிறேன். பிறகு குளிர்ந்த ஓவனிலேயே மக்கை வைத்துச் சூடேற்றுங்கள். 150 டிகிரியைத் தொட்டதிலிருந்து 35 நிமிடம். மைக்ரோவேவ் முறையில் ஆகாது. கன்வெக்‌ஷன் அல்லது ஓ.டி.ஜி. (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின் அடுப்பு) வேண்டும். சூடு கூடினால் மஞ்சள் கருகிப் பழுப்பாகும். கொஞ்சம் வாடை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

நேரம் முடிந்ததும் ஓவனை அணைத்துவிட்டு, கதவைத் தொடாமல் வேறு வேலையைப் பாருங்கள். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் மக் விரிசல் விடலாம். ஆறியபின் மெத்தென்ற ஸ்பாஞ்சால் கழுவி, காபியை ஊற்றுங்கள். பச்சை நாரை மட்டும் அந்தப் பக்கம் வைத்துவிடுங்கள்.